மாங்காய் மண்டிக் கணக்கை வைத்து டேட்டாபேஸ் கற்போம்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தோத்தாபுரி, பெங்களூரா, கிளிமூக்கு. மூன்றும் ஒரே மாங்காய்தான். காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மண்டி நோட்டை அப்படியே எக்செல்லில் ஏற்றிவிட்டு, "இந்த சீசனில் தோத்தாபுரி மொத்தம் எத்தனை டன் இறங்கியது?" என்று கேட்டால், கணினி அதை மூன்று ரகமாகப் பிரித்துத்தான் கூட்டும். கூழ் ஆலைக்கு அனுப்பிய கணக்கோடு அது ஒத்துப்போகாது. எழுதியவர் மேல் தப்பில்லை. அன்றைக்கு வாயில் வந்த பெயரை அவர் எழுதினார். தகவலை அடுக்கிய முறையில்தான் கோளாறு.

இந்தக் கோளாறை வேரிலேயே சரிசெய்வதுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ், அதாவது தகவலை ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாக (டேபிள்களாக) வைக்கும் முறை. அதன் அடிப்படை ஒரே விதி: ஒரு தகவல் ஓர் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வேறெங்காவது அது தேவைப்பட்டால், அந்த இடத்தைக் காட்டும் எண்ணை மட்டும் எழுத வேண்டும். கல்லூரிப் பாடங்களில் பெரும்பாலும் கட்டளைகளிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ் என்பது என் உறுதியான எண்ணம். டேபிள்களைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்தவருக்குக் கட்டளைகள் சில நாளில் கைக்கு வந்துவிடும். பிரிக்கத் தெரியாதவர் எத்தனை கட்டளை கற்றாலும் கணக்கு இடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதிக்குத் தாளும் பென்சிலும் போதும்.

கொஞ்சம் வரலாறு

1960களில் பெரிய நிறுவனங்களின் தகவல்கள் மரக்கிளை போல அடுக்கப்பட்டிருந்தன. ஒரு விவரம் வேண்டுமென்றால், எந்தக் கிளையில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டும். அடுக்கு மாறினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டும். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். தகவல் உள்ளே எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதில்லை, எல்லாவற்றையும் அட்டவணைகளாகப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை வடிவமைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்கியூஎல். 1986இல் அதற்கு அமெரிக்கத் தர நிர்ணயம் கிடைத்தது. ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாம் இந்த மொழியைத்தான் பேசுகின்றன. ஒன்றைக் கற்றால் மற்றவை பெரிய தொலைவில் இல்லை.

முதல் படி: நோட்டில் எத்தனை பொருள்கள் கலந்திருக்கின்றன என்று பாருங்கள்

மண்டி நாள்பேட்டின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்.

14-6-2025 | மாதப்பன் | சந்தூர் | போச்சம்பள்ளி வட்டம் | கிருஷ்ணகிரி மாவட்டம் | கைபேசி எண் | தோத்தாபுரி | 1200 கிலோ | கிலோ 18 ரூபாய்

பார்க்க ஒரே வரி. ஆனால் இதற்குள் விவசாயி, ஊர், வட்டம், மாங்காய் ரகம், அன்றைய வரத்து என ஐந்து வேறு வேறு விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன. மாதப்பன் சீசனில் முப்பது தடவை வந்தால் அவர் கைபேசி எண்ணை முப்பது தடவை எழுதுகிறோம். எண்ணை மாற்றிவிட்டார் என்றால் முப்பது இடத்தில் திருத்த வேண்டும். இருபத்தெட்டில் திருத்தி இரண்டை விட்டுவிட்டால், அடுத்த வருடம் எது சரியான எண் என்று யாருக்கும் தெரியாது.

நம் மாவட்டமே இதற்கு நல்ல சாட்சி. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒவ்வொரு வரியிலும் மாவட்டப் பெயரை எழுதிய ஒரு கணக்கு அன்று இருந்திருந்தால், ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டியிருக்கும். மாவட்டப் பெயர் 'வட்டம்' என்ற தனி டேபிளில் மட்டும் இருந்திருந்தால்? கிருஷ்ணகிரி, ஓசூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்ற சில வரிகளில் மாற்றினால் வேலை முடிந்தது. ஊரைச் சொன்னால் வட்டம் தெரியும், வட்டத்தைச் சொன்னால் மாவட்டம் தெரியும். அப்படியிருக்க, விவசாயியின் வரியில் மாவட்டத்துக்கு என்ன வேலை?

இப்படிப் பிரிப்பதைத்தான் பாடநூல்கள் நார்மலைசேஷன் என்கின்றன. முதலாம், இரண்டாம், மூன்றாம் வடிவம் என்று அதற்குப் படிநிலைகள் உண்டு. தேர்வுக்கு அவை வேண்டும். வேலைக்கு ஒரு கேள்வி போதும் (பத்தி என்றால் அட்டவணையின் செங்குத்து வரிசை): "இந்தப் பத்தியில் இருக்கும் விவரம் உண்மையில் யாரைப் பற்றியது?" கைபேசி எண் விவசாயியைப் பற்றியது. எடை அன்றைய வரத்தைப் பற்றியது. மாவட்டம் வட்டத்தைப் பற்றியது. எது யாரைப் பற்றியதோ அவரவர் டேபிளில் போய் உட்கார வேண்டும்.

விலையைக் கேட்டால் பலரும் சறுக்குவார்கள். கிலோ விலை ரகத்தைப் பற்றியதுதானே, ரக டேபிளில் வைத்தால் என்ன? வைக்கக் கூடாது. மண்டியில் விலை நாளுக்கு நாள் மாறும், காலையும் மாலையும்கூட மாறும். ரக டேபிளில் விலையை மாற்றிய நொடியில், போன வாரம் போட்ட விற்பனைச் சீட்டுகளின் தொகையும் மாறிவிடும். அந்த விலை அந்த விற்பனையைப் பற்றியது, ஆகவே சீட்டில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண்

போச்சம்பள்ளி சந்தையில் நின்று "மாதப்பா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் அடையாளம் ஆகாது. கைபேசி எண்ணும் ஆகாது, ஏனென்றால் அது மாறும். அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுப்பதும் உண்டு. ஆதார் எண்ணைப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாங்காய்க் கணக்குக்குத் தேவையில்லாத அந்தரங்க விவரத்தை நாம் சேர்த்து வைக்கவே கூடாது. நாமே 1, 2, 3 என்று ஓர் எண் கொடுத்துவிடுவதுதான் நல்லது. ஒரு தடவை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை, வேறொருவருக்குத் தருவதும் இல்லை. இதுதான் பிரைமரி கீ.

தமிழில் தகவல் பதிவு செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். 'பொன்னுசாமி' என்ற பெயரின் முதல் எழுத்தைச் சில மென்பொருள்கள் ஒரே உயிர்க்குறியாகச் சேமிக்கும். வேறு சில, முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறிகளாகச் சேமிக்கும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். டேட்டாபேஸுக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். தேடினால் ஒருவர் கிடைப்பார், இன்னொருவர் கிடைக்கமாட்டார். பெயரை நம்பி இணைத்த கணக்கில் இந்தப் பிழையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாம் படி: டேபிள்களை இணைப்பது

ஒரு ஊரில் பல விவசாயிகள், ஒரு விவசாயிக்கு ஒரு ஊர். இது ஒன்றுக்குப் பல என்ற உறவு. இதில் 'பல' பக்கத்தில்தான் எண்ணை எழுத வேண்டும். அதாவது விவசாயி டேபிளில் ஊர்_எண் என்று ஒரு பத்தி வரும். இன்னொரு டேபிளின் பிரைமரி கீயை இப்படிச் சுட்டும் பத்திக்கு ஃபாரின் கீ என்று பெயர்.

இன்னொரு வகை உறவு கொஞ்சம் சிக்கலானது. ஒரே டிராக்டரில் தோத்தாபுரியும் செந்தூராவும் சேர்ந்து வரும். ஒரு சீட்டில் பல ரகம், ஒரு ரகம் பல சீட்டில். இது பலவுக்குப் பல. சீட்டு டேபிளில் ரகம்1, ரகம்2, ரகம்3 என்று பத்திகளைச் சேர்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நான்காவது ரகம் வரும் நாளில் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். நடுவில் ஒரு டேபிளை வையுங்கள். அதற்குச் 'சீட்டு_வரி' என்று பெயர் கொடுப்போம். ஒரு சீட்டில் ஒரு ரகத்துக்கு என்ன எடை, என்ன விலை என்பது அங்கே ஒரு வரி.

அப்படியென்றால் சீட்டு எண்ணும் ரக எண்ணும் சேர்ந்ததையே பிரைமரி கீ ஆக்கலாமா? ஒரே ரகத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து இரண்டு விலைக்குப் போட்டால் அது இடிக்கும். தனியாக வரி_எண் கொடுத்துவிடுங்கள்.

மண்டி விவசாயிக்கு முன்கூட்டியே தரும் பணத்துக்கும் 'முன்பணம்' என்று ஒரு டேபிள் வைப்போம். ஆகத் தாளில் இப்போது இப்படி இருக்க வேண்டும்:

வட்டம்: வட்ட_எண், பெயர், மாவட்டம்
ஊர்: ஊர்_எண், பெயர், வட்ட_எண்
விவசாயி: விவசாயி_எண், பெயர், கைபேசி, ஊர்_எண்
ரகம்: ரக_எண், பெயர்
ரக_மறுபெயர்: மறுபெயர், ரக_எண்
சீட்டு: சீட்டு_எண், தேதி, விவசாயி_எண்
சீட்டு_வரி: வரி_எண், சீட்டு_எண், ரக_எண், எடை, விலை_பைசா
முன்பணம்: முன்பண_எண், விவசாயி_எண், தேதி, தொகை_பைசா

தோத்தாபுரி ரக டேபிளில் ஒரே ஒரு தடவை. பெங்களூராவும் கிளிமூக்கும் மறுபெயர் டேபிளில், அதே எண்ணைச் சுட்டிக்கொண்டு. யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரே கணக்கில் போய் விழும்.

நான்காம் படி: கணினியில் ஏற்றுவது

பழக எஸ்கியூலைட் போதும். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். தனி சர்வர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கணினியில் திறந்து பார்க்க டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட் என்ற இலவச நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். பழைய கணினியிலும் நன்றாக ஓடும்.

கீழே வரும் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். டேபிள் பெயர், பத்திப் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம், எஸ்கியூலைட் தமிழை அப்படியே ஏற்றுக்கொள்ளும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கிரியேட் டேபிள் ஊர் (
ஊர்_எண் இன்டிஜர் பிரைமரி கீ,
பெயர் டெக்ஸ்ட் நாட் நல்,
வட்ட_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் வட்டம்(வட்ட_எண்)
);

இன்டிஜர் என்றால் முழு எண், டெக்ஸ்ட் என்றால் எழுத்து. நாட் நல் என்றால் காலியாக விடக் கூடாது. ரெஃபரன்சஸ் என்பது ஃபாரின் கீயின் அறிவிப்பு. மற்ற டேபிள்களையும் இதே போல உருவாக்குங்கள். சுட்டப்படும் டேபிளை முதலில் உருவாக்குவது நல்ல பழக்கம்: வட்டம், பிறகு ஊர், பிறகு விவசாயி. ரகத்தின் பெயருக்கு யுனீக் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அப்போது அதே பெயரை மறுபடி ஏற்ற முடியாது.

பத்திகளின் வகையில் மூன்று விஷயம் கவனம். கைபேசி எண்ணை டெக்ஸ்ட் ஆக வையுங்கள். அதைக் கூட்டப்போவதும் இல்லை, பெருக்கப்போவதும் இல்லை. தேதியை 2025-06-14 என்று ஆண்டு முன்னால் வருமாறு எழுதுங்கள், அப்போதுதான் வரிசைப்படுத்தினால் சரியாக வரும். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். கணினி தசம எண்களை இரண்டின் அடிமானத்தில் சேமிப்பதால் சில பின்னங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. சீசன் முழுக்கக் கூட்டினால் கணக்கு பைசாக் கணக்கில் தடுமாறும்.

இன்னொன்று: எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ கண்காணிப்பு இயல்பாக முடக்கியே இருக்கும். ஒவ்வொரு முறை டேட்டாபேஸைத் திறந்ததும் பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன் (PRAGMA foreign_keys = ON) என்று கொடுங்கள். இல்லாவிட்டால் 999 என்ற இல்லாத விவசாயிக்கும் சீட்டு போட விட்டுவிடும்.

தகவல் ஏற்ற:

இன்சர்ட் இன்டு வட்டம் வேல்யூஸ் (1, 'போச்சம்பள்ளி', 'கிருஷ்ணகிரி');
இன்சர்ட் இன்டு ஊர் வேல்யூஸ் (1, 'சந்தூர்', 1);

பழகுவதற்கு ஐந்தாறு ஊர், பத்துப் பதினைந்து விவசாயி, இருபது சீட்டு போதும். கற்பனைப் பெயர்களையே போடுங்கள்.

ஐந்தாம் படி: கேள்வி கேட்பது

செலக்ட் பெயர், கைபேசி
ஃப்ரம் விவசாயி
வேர் ஊர்_எண் = 1
ஆர்டர் பை பெயர்;

எந்தப் பத்திகள், எந்த டேபிளிலிருந்து, எந்த நிபந்தனையில், எந்த வரிசையில். வாசித்தாலே புரியும். ஒரு குறை மட்டும் உண்டு. எஸ்கியூலைட் தமிழ்ப் பெயர்களை யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் ழகரம் வகரத்துக்கு முன்னால் வரும், றகரம் லகரத்துக்கு முன்னால் வரும். நம் அகரவரிசையோடு அது பொருந்தாது. போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

பிரித்து வைத்ததைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஜாயின்:

செலக்ட் ரகம்.பெயர், சம்(சீட்டு_வரி.எடை)
ஃப்ரம் சீட்டு_வரி
ஜாயின் ரகம் ஆன் ரகம்.ரக_எண் = சீட்டு_வரி.ரக_எண்
குரூப் பை ரகம்.ரக_எண்;

ஆன் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதுதான் இதன் உயிர். இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்றாக இருக்கும் வரிகளைச் சேர் என்கிறோம். குரூப் பை, ரகம் ரகமாகக் குவித்துக் கூட்டச் சொல்கிறது. தோத்தாபுரிக்கு இப்போது ஒரே வரி, முழு எடை.

வெறும் ஜாயின் என்றால் இரண்டு பக்கமும் ஜோடி உள்ள வரிகள்தான் வரும். விவசாயியையும் சீட்டையும் இணைத்தால், இந்த சீசனில் ஒரு தடவையும் வராத விவசாயி பட்டியலிலேயே இருக்கமாட்டார். "யாரெல்லாம் இன்னும் வரவில்லை, போன் போட்டுக் கேட்கலாம்" என்று நினைத்தால் அவர்தானே வேண்டும்? அதற்கு லெஃப்ட் ஜாயின். இடது பக்க டேபிளின் எல்லா வரிகளையும் அது வைத்துக்கொள்ளும். ஜோடி இல்லாத இடத்தில் நல் என்று காட்டும்.

நல் என்றால் பூஜ்யம் இல்லை. 'தெரியாது' அல்லது 'இல்லை' என்று பொருள். காலையில் சரக்கு இறங்கிவிட்டது, விலை சாயங்காலம்தான் முடிவாகும் என்றால் விலை_பைசா அதுவரை நல். அங்கே 0 போட்டால் அன்றைய சராசரி விலை பாதாளத்துக்குப் போய்விடும். நல் என்று விட்டால் சராசரி எடுக்கும்போது அந்த வரி சேராது. விலை போடாத வரிகளைத் தேட வேர் விலை_பைசா இஸ் நல் என்று எழுத வேண்டும். சமக் குறி போட்டு நல் என்று எழுதினால் ஒரு வரியும் வராது, பிழைச் செய்தியும் வராது.

மாற்ற அப்டேட், நீக்க டெலீட். இரண்டிலும் வேர் நிபந்தனையை மறந்தால் டேபிள் முழுக்க மாறிவிடும் அல்லது அழிந்துவிடும். முதலில் அதே நிபந்தனையோடு செலக்ட் போட்டு எந்த வரிகள் வருகின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

ஆறாம் படி: பாதியில் நிற்கக் கூடாத வேலைகள்

ஒரு சீட்டைப் பதிய, சீட்டில் ஒரு வரியும் சீட்டு_வரியில் இரண்டு மூன்று வரிகளும் ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால்? தோத்தாபுரி ஏறியிருக்கும், செந்தூரா ஏறியிருக்காது. விவசாயிக்குப் பணம் குறையும். இதைத் தடுப்பதுதான் டிரான்சாக்‌ஷன். பிகின் என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஏற்றி, கமிட் என்று முடிக்க வேண்டும். கமிட் விழும் வரை எதுவும் நிலைக்காது. நடுவில் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது தொடங்குவதற்கு முன் இருந்த நிலைதான் இருக்கும். நாமே வேண்டாமென்று பின்வாங்க ரோல்பேக். எக்செல்லுக்கும் டேட்டாபேஸுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் கருதுவது இதைத்தான். பணம் புழங்கும் கணக்கு எதுவானாலும் இது இல்லாமல் செய்யக் கூடாது.

இன்டெக்ஸ் பற்றி இப்போதைக்கு ஒரு வார்த்தை. அடிக்கடி தேடும் பத்திக்கு இன்டெக்ஸ் போட்டால் தேடல் வேகமாகும், பதிவது சற்று மெதுவாகும். சில ஆயிரம் வரிகள் வரை அந்தக் கவலையே வேண்டாம். பேக்கப்புக்கு, நிரலை மூடிவிட்டுக் கோப்பை வேறொரு பென்டிரைவில் நகலெடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் கோப்பு சிதையக்கூடும்.

ஏழாம் படி: முன்பண பாக்கி

சீசன் முடியும்போது மண்டிக்காரருக்கும் விவசாயிக்கும் உண்மையிலேயே முக்கியமான கேள்வி இது: யாருக்கு எவ்வளவு பாக்கி? விற்பனைத் தொகையிலிருந்து முன்பணத்தைக் கழிக்க வேண்டும். விவசாயி, சீட்டு, சீட்டு_வரி, முன்பணம் நான்கையும் ஒரே ஜாயினில் இணைத்துக் கூட்டத்தான் யாருக்கும் தோன்றும். விடை தப்பாக வரும்.

ஒரு விவசாயிக்கு மூன்று சீட்டு வரிகளும் இரண்டு முன்பண வரிகளும் இருந்தால், இணைக்கும்போது ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்று ஜோடி சேர்ந்து ஆறு வரிகளாகும். விற்பனைத் தொகை இரு மடங்காகும், முன்பணம் மும்மடங்காகும். கணினி எச்சரிக்காது. வரும் எண்ணும் நம்பும்படியே இருக்கும்.

சரியான வழி, இரண்டையும் தனித்தனியே கூட்டிவிட்டுப் பிறகு இணைப்பது. அதற்கு வியூ உதவும். வியூ என்பது பெயர் வைத்துச் சேமித்த கேள்வி.

கிரியேட் வியூ விற்பனை_மொத்தம் ஆஸ்
செலக்ட் சீட்டு.விவசாயி_எண், சம்(எடை * விலை_பைசா) ஆஸ் தொகை
ஃப்ரம் சீட்டு ஜாயின் சீட்டு_வரி ஆன் சீட்டு.சீட்டு_எண் = சீட்டு_வரி.சீட்டு_எண்
குரூப் பை சீட்டு.விவசாயி_எண்;

இதே போல முன்பண_மொத்தம் என்று இன்னொரு வியூ. அதிலும் கூட்டிய பத்திக்குத் தொகை என்றே பெயர் வையுங்கள். இரண்டிலும் ஒரு விவசாயிக்கு ஒரே வரிதான் இருக்கும். இப்போது விவசாயி டேபிளோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்:

செலக்ட் விவசாயி.பெயர், (கோயலெஸ்(விற்பனை_மொத்தம்.தொகை, 0) - கோயலெஸ்(முன்பண_மொத்தம்.தொகை, 0)) / 100.0
ஃப்ரம் விவசாயி
லெஃப்ட் ஜாயின் விற்பனை_மொத்தம் ஆன் விற்பனை_மொத்தம்.விவசாயி_எண் = விவசாயி.விவசாயி_எண்
லெஃப்ட் ஜாயின் முன்பண_மொத்தம் ஆன் முன்பண_மொத்தம்.விவசாயி_எண் = விவசாயி.விவசாயி_எண்;

கோயலெஸ் (COALESCE), நல் வந்த இடத்தில் 0 என்று எடுத்துக்கொள்ளும். முன்பணமே வாங்காதவரின் பாக்கி அது இல்லாவிட்டால் நல் ஆகிவிடும். நூறால் வகுப்பது பைசாவை ரூபாயாக்க.

விடை வந்ததும் ஒரு விவசாயியை எடுத்துத் தாளில் கூட்டிப் பாருங்கள். 1200 கிலோ தோத்தாபுரி கிலோ 18 ரூபாய் என்றால் 21,600. 300 கிலோ செந்தூரா கிலோ 30 ரூபாய் என்றால் 9,000. மொத்தம் 30,600. பத்தாயிரமும் ஐந்தாயிரமுமாக இரண்டு தடவை முன்பணம் வாங்கியிருந்தால் மீதி 15,600. திரையிலும் அதுவே வர வேண்டும். 46,200 வந்தால் விற்பனை இரு தடவை கூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், வியூவுக்குள் ஜாயினைத் திரும்பப் பாருங்கள்.